மொய் வீட்டுப் பேரில்தான், அத்தான்

என் அன்புக்குரிய, பிடிவாதக்கார அத்தானுக்கு,

கொழுந்தியாள் வளர்மதி எழுதுகிறேன். "என்ன, மறுபடியும் சண்டைக்கு வந்துட்டியா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டில் என்னை எதிர்த்துப் பேச ஒரு ஆள் கிடையாது. நான் சொல்வதற்கெல்லாம் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், எனக்கு எரிச்சலாக வருகிறது.

போன சனிக்கிழமை நம் டிஜிட்டல் நாணயத்தின் வடிவமைப்புக் கூட்டம் நடந்தது. அடுத்த பதிப்பில் எந்த மாற்றம் போகும் என்று முடிவு செய்கிற கூட்டம். ஒரு பதிப்புக்கு ஒரு பெரிய மாற்றம்தான் என்பது நீங்களே சண்டை போட்டு வாங்கிய விதி. கடைசியில் இரண்டே யோசனைகள் மிச்சம்: ஒன்று என்னுடையது, ஒன்று உங்களுடையது. எது ஜெயித்தது என்று உடனே சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் தவியுங்கள்.

இதை வேறு நாலு பேரும் படிக்கப் போகிறார்கள். அதனால் நமக்குள் என்ன தகராறு என்று அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேசாதீர்கள்.

நம் நாணயம் என்பது ஒரு பொது நோட்டு. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பது அதில் வரி வரியாக ஏறும். பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படும், அந்தப் பக்கத்துக்குப் பெயர் பிளாக். நோட்டு எந்த வங்கியின் கையிலும் இல்லை. அதன் முழு நகலைப் பல ஊர்களில் பலர் தங்கள் கணினியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியும் சரிதானா என்று தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்க்கிற கணினிக்கு நோடு என்று பெயர். சிக்கல் என்னவென்றால் ஒரு பிளாக்கில் இத்தனை வரிதான் கொள்ளும். கூட்டம் கூடினால், "என் வரியை முதலில் எழுது" என்று ஆளாளுக்குக் கட்டணத்தை ஏற்றிக் கேட்பார்கள். ஒரு கட்டுக் கீரைக்குக் காசு அனுப்பினால் கட்டணத்துக்கு இரண்டு கட்டு வாங்கலாம் என்கிற நிலைமை வந்துவிடும்.

அப்படியானால் பக்கத்தைப் பெரிதாக்கு என்பது என் கட்சி. இரண்டு மடங்கு பிளாக், நிறைய வரி, குறைந்த கட்டணம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கீழ்வேளூரில் எங்கள் தெருவில் என்னோடு படித்த பெண் சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் அனுப்புகிற சின்னத் தொகையில் கட்டணம் போய் மிச்சம் என்ன வரும் என்றுதான் நான் பார்ப்பேன். வயல் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்த அப்பா அம்மாவின் பிள்ளை நான். வேறு எப்படி யோசிப்பேன்?

பெரிதாக்கக் கூடாது என்பது உங்கள் கட்சி. பட்டுக்கோட்டையில் உங்கள் ஜெராக்ஸ் கடை மூலையில் பழைய சாமான்களைக் கோத்து நீங்களே கட்டிய கணினி, அதில் ஓடுகிற நோடு. இந்த நாணயத்தை உங்களுக்குக் காட்டியதே நான்தான். காட்டிய ஆறாவது மாதம் என்னையே கேள்வி கேட்டீர்கள். "பிளாக்க ரெண்டு மடங்கு ஆக்கினா இந்தப் பொட்டி தாங்குமா? தாங்காது. அப்புறம் பெரிய கம்பெனிக்காரந்தான் நோட்ட வச்சிருப்பான். நாம அவன் சொல்றத நம்பிக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அதுக்கு பேங்க் போதாதா?"

புயல் வருடத்தை வேறு இழுப்பீர்கள். தென்னை எல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்து, அப்புறம் வாடகை ஜெனரேட்டரில் நோடைப் போட்டீர்கள். இரண்டு நாளில் அது விட்ட இடத்திலிருந்து எல்லாப் பக்கங்களையும் படித்து, உலகத்தோடு வந்து சேர்ந்துகொண்டது. "பின்தங்கினவன் திரும்பி வந்து சேர முடியணும் வளரு. முடியலன்னா அது நம்ம நோட்டு இல்ல." இதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறிவிடும். நான் பதில் வைத்திருந்தும் அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். உங்களுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன்.

மற்ற இடத்திலெல்லாம் மூடவே மாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் நாம் போட்ட சத்தத்தில் செல்வி அக்கா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயி கடைத்தெருவுல சண்ட போடுங்க. மீன் கொழம்பாவது ஆறாம இருக்கும்" என்பாள்.

மொய் விருந்தை நம் சண்டைக்குள் கொண்டுவந்தது நீங்கள். கீழ்வேளூர்ப் பக்கம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் எழுதுவோம். மொய் வாங்குவதற்கென்றே ஆடி மாதத்தில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, ஊரையே கூப்பிடுகிற வழக்கத்தை அக்காவை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த பிறகுதான் பார்த்தேன். இன்று நான் உங்களுக்கு வைக்கிறேன், நாலைந்து வருடம் கழித்து நீங்கள் விருந்து வைக்கும்போது அதையும் மேலே கொஞ்சத்தையும் திருப்பி வைக்கிறீர்கள். உங்கள் கல்யாணம் முடிந்த முதல் ஆடியில் நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது ஞாபகம் இருக்கிறதா?

"இதாண்டி சேனல்!" என்று ஒருநாள் கடையிலிருந்து போனில் கத்தினீர்கள். சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கலை எல்லாம் பொது நோட்டில் ஏற்ற வேண்டாம். இரண்டு பேர் தங்களுக்குள் ஒரு சேனல் திறந்து, அதில் ஒரு தொகையைப் போட்டு, அதற்குள்ளேயே போக வர வைத்துக்கொண்டு, திறக்கிறபோது ஒரு வரி, முடிக்கிறபோது ஒரு வரி மட்டும் நோட்டில் எழுதினால் போதும். உலகத்தில் பல நாணயக்காரர்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். நீங்கள் என்னவோ பட்டுக்கோட்டைக்காரர்கள்தான் கண்டுபிடித்தது மாதிரி குதித்தீர்கள். போன வருடம் ஆடியில் உங்கள் தம்பி வீட்டு விருந்திலேயே சோதித்துப் பார்த்துவிடலாம் என்றீர்கள். நிஜப் பணம் வழக்கம்போல மேசையில்; அதே தொகைக்குச் செல்லாத டெஸ்ட் காசு போனில். சொந்தக்காரர்கள் போனில் எல்லாம் செயலியை ஏற்றி, எல்லோரையும் உங்கள் கடை நோடோடு இணைத்து, அங்கிருந்து தம்பிக்கு ஒரு சேனல் போட்டீர்கள்.

அரை மணி நேரம்தான் அத்தான். அதற்குள் அடைத்துக்கொண்டது. தம்பிக்குப் போகிற சேனலில் நீங்கள் போட்டு வைத்திருந்ததெல்லாம் ஒரே பக்கமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, இந்தப் பக்கம் காலி. அதற்கப்புறம் யார் அனுப்பினாலும் சிவப்பு. புதுச் சேனல் திறக்கலாம் என்றால் அதற்குப் பொது நோட்டில் இடம் வேண்டும், அங்கேயும் நெரிசல். மொய் போகும் வரும் என்று கணக்குப் போட்டீர்களே, போவது ஒரு மத்தியானத்தில், வருவது நாலு வருடம் கழித்து என்பதை எப்படி மறந்தீர்கள்? ஆடிக்கு ஆடி மொய் எழுதுகிற மனிதர்!

நான் சும்மா இருப்பேனா? பந்தலிலேயே, இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அத்தான், கொழாய் அடச்சிக்கிச்சு போலருக்கே, குச்சி வேணுமா?" என்று கேட்டேன். உங்கள் பெரியம்மா சிரித்ததில் புரையேறிவிட்டது. நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் உங்கள் கண் பந்தலையே சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கேதான் அடுத்ததைப் பிடித்தீர்கள். அன்றைக்கு விருந்து வைத்தது உங்கள் தம்பி மட்டுமில்லை. எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே சமையல், ஆளுக்கொரு மேசை. செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், மொய் அவரவருக்கு. "ஆளாளுக்குத் தனித்தனியா நோட்டுல எடம் கேக்கறதாலதான நெரிசல்? இருவது முப்பது பேரு சேந்து ஒரே வரியில சேனல் தொறந்தா? ஒரே பந்தல் வளரு!" என்றீர்கள். குழுவாகத் திறப்பது. குழுவுக்குள் யாரிடமிருந்து யாருக்கும் மாற்றிக்கொள்ளலாம், எல்லோரும் கையெழுத்துப் போட்டால் ஒரு பக்கம் காலியானதை மறுபடி நிரப்பலாம், பொது நோட்டைத் தொடவே வேண்டாம்.

யோசனை பிரமாதம். அன்றைக்கு உங்களிடம் "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன். பிரமாதம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினீர்கள். இருபத்திரண்டு சொந்தக்காரர்களை வைத்து ஒரு சோதனைக் குழு திறந்தீர்கள். ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். தஞ்சாவூரிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். உங்கள் பெரியம்மா அக்காவுக்குப் போன் பண்ணினார். "செல்வி, அந்த மொய் இது இருக்குல்ல போன்ல, அத தொறந்தா நம்ம முத்துக்குமாரு பேரே வருதும்மா. என்னமோ காத்திருக்குன்னு போட்டிருக்கு." எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர் போனிலும் ஒரே வாசகம்: முத்துக்குமார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம். நீங்களே எழுதி வைத்த வாசகம். அந்தக் கையெழுத்தைப் போடுகிற சாவி உங்கள் போனில், போனுக்குள் போகிற வழி உங்கள் தலையில்.

அக்கா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நான் அழுதேன் அத்தான். நன்றாக அழுதேன். அழுது முடித்த கையோடு இன்னொன்றும் தோன்றியது, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? 'ஓட்டை கிடைத்துவிட்டது' என்று தோன்றியது. ஒரு ஆள் இல்லாமல் போனால் குழுவே நின்றுவிடும். குழுவுக்கு வைத்த கெடு முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் காசை எடுக்கத் தனித்தனியாகப் பொது நோட்டுக்கு ஓடுவார்கள், எந்த நெரிசலைத் தவிர்க்க நினைத்தீர்களோ அதே நெரிசல் இன்னும் மோசமாக வரும். அப்படியே வந்தது. டெஸ்ட் காசு என்பதால் யாருக்கும் நட்டமில்லை. அத்தான் செத்ததால் நான் ஜெயிக்கப்போகிறேன் என்று நினைத்த அந்த ஒரு நிமிடத்துக்காக எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஓட்டை ஓட்டைதானே? அறிக்கை எழுதினேன். கூட்டத்துக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தேன். அது போயிருந்தால் உங்கள் யோசனை அங்கேயே முடிந்திருக்கும், என்னுடையது எதிர்ப்பில்லாமல் போயிருக்கும்.

இந்த ஆடி வந்தது. நாம் திருப்பி வைக்க வேண்டிய மொய் ஒன்று இருந்தது. விருந்துக்கு முதல் நாள் உங்கள் தம்பி வந்து, வெளியே போக வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். "இன்னும் வருஷம்கூட திரும்பல அண்ணி. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீங்க ஏன் அலையறீங்க, அண்ணன் மொய்ய நானே செஞ்சுட்டு வந்துடறேன்."

அக்கா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஒங்க வூட்டு மொய்ய நீங்க செய்ங்க தம்பி. எங்க வூட்டு மொய்ய நான் செஞ்சுக்கறேன்."

நானும் கூடப் போனேன். உள்ளே நுழைந்ததும் இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் நேராக மேசைக்குப் போனாள். மொய் எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பேரு சொல்லுங்கம்மா" என்றார்.

"முத்துக்குமார், பட்டுக்கோட்டை."

அவருக்கு உங்களைத் தெரியும். பேனா நின்றுவிட்டது. "அவரு... தவறிட்டாருல்லம்மா? தம்பி பேர்ல எழுதிக்கலாமா?" என்று தயங்கினார்.

"அவருதான தவறிட்டாரு? வூடு இருக்குல்லங்க? மொய்ய ஆளுக்கா எழுதறோம், வூட்டுக்குத்தான எழுதறோம். அவரு பேர எழுதி, செய்றது செல்வின்னு பக்கத்துல போடுங்க."

அவர் எழுதினார். அக்கா எண்ணிக் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்தாள். கறிக்குழம்பு இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். பக்கத்து இலைக்காரம்மா பார்த்த பார்வைக்கு, "உப்பு கொஞ்சம் கம்மி, இல்லங்க?" என்று கேட்டாள் பாருங்கள், அந்தம்மா தன் இலைப்பக்கம் குனிந்துகொண்டார். எனக்கு அந்த மொய் மேசைமேலேயே கண் இருந்தது. மொய்யில் சேனலைப் பார்த்தீர்கள், பந்தலில் குழுவைப் பார்த்தீர்கள். உங்கள் குழுவில் மட்டும் ஏன் அத்தான் வீட்டை விட்டுவிட்டு ஆளை உட்கார வைத்தீர்கள்? அத்தனை மொய் எழுதிய நீங்களும் பார்க்கவில்லை, அத்தனை குறை கண்டுபிடித்த நானும் பார்க்கவில்லை.

தஞ்சாவூருக்கு வந்த மறுநாளே அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நீங்கள் எழுதிய நிரலைத் திறந்து திருத்தினேன். குழுவில் ஒவ்வொரு இடமும் ஒரு வீடு. ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று சாவி, யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆள் தவறினால், போன் தொலைந்தால், கோபித்துக்கொண்டு துபாய்க்கே போனாலும் குழு நிற்காது. ஒரே ஒரு சந்தேகம்: புருஷன் ஒன்றுக்கும் பெண்டாட்டி வேறொன்றுக்கும் கையெழுத்துப் போட்டால் எதை எடுப்பது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இதுல என்னடி கொழப்பம்? நான் எழுதிட்டு வந்தப்பறம் ஒங்க அத்தான் போயி நின்னா, 'ஒங்க வூட்லேர்ந்து வந்துட்டுப் போயிட்டாங்க'ன்னு அனுப்பிடுவாங்க. மொதல்ல எழுதறதுதான். இதுக்கா எஸ்டிடி போட்ட?"

முதலில் வந்ததே செல்லும். மூன்று வரி நிரல். எஸ்.டி.டி. காலம் போய் எத்தனையோ வருடமாகிறது என்று அவளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இணையத்தில் கூட்டம். தலைமை வழக்கம்போல மார்த்தா, போலந்தில் அவருக்குக் காலை. என் யோசனைக்கு ஆதரவு எண்ணிப் பார்த்தாயிற்று, ஜெயிக்கப் போதுமானது இருந்தது. என் முறை வந்தது. மைக்கைத் திறந்து, "என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். முத்துக்குமாரின் குழு யோசனையை, ஒரு திருத்தத்தோடு முன்வைக்கிறேன்" என்றேன். மூன்று வருடமாக முத்துக்குமாரை எதிர்த்தது நீதானே என்று மார்த்தா கேட்டார். ஆமாம், நான்தான், அதனால் இதன் ஓட்டை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், இப்போது அடைத்துவிட்டேன் என்றேன். அப்புறம் மொய்யையும் பந்தலையும் மேசையையும் விளக்கினேன். என் ஆங்கிலத்தில் கறிச்சோறு என்னவாக ஆனதோ, ஆனால் வீட்டுப் பேரில் எழுதுவது அவர்களுக்குப் பளிச்சென்று பிடித்துவிட்டது. இரண்டு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

ஜெயித்துவிட்டீர்கள் அத்தான். அடுத்த பதிப்பில் உங்களுடையது போகிறது. சோதனைக்கு இன்னும் சில மாதம் ஆகும், தாண்டிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன். யோசனையின் தலைப்பில் உங்கள் பெயர், அடுத்து செல்வி. கீழே சரிபார்த்தவர் என்று என் பெயர். அக்காவிடம் காட்டியபோது, "என் பேர எதுக்குடி போட்ட?" என்று திட்டிவிட்டு, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். கடையை அவள்தான் நடத்துகிறாள். மூலையில் உங்கள் பொட்டி ஓடுகிறது, கரண்ட் போய் வந்தால் அவளே போடுகிறாள். கீழ்வேளூரில் அப்பா சம்பாவுக்கு நேரடி விதைப்பு முடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் சுகம்.

ஆனால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். குழு எல்லாம் சரி, இன்றில்லாவிட்டால் நாளை பிளாக்கும் பெரிதாகத்தான் வேண்டும். அடுத்த வருடம் என் யோசனையை மறுபடி கொண்டுபோவேன். போனால் ஜெயிப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதிர்த்து நிற்க உங்களை மாதிரி ஒரு ஆள் அந்தக் கூட்டத்தில் கிடையாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் இல்லாத மேசையில் ஜெயிப்பது என்ன ஜெயிப்பு?

அதனால் ஒரு வாக்கு கொடுக்கிறேன். என் யோசனையை எழுதுவதற்கு முன்னால், அதற்கு உங்களுடைய மறுப்பை நானே எழுதுவேன். புயல் வருடத்தை எழுதுவேன், பின்தங்கினவன் திரும்பி வந்து சேர வேண்டும் என்பதை எழுதுவேன், நான் வாயை மூடிக்கொண்ட இடத்தையும் ஒளிக்காமல் எழுதுவேன். என்னைத் தோற்கடிக்கிற அளவுக்குப் பலமாக எழுதி, உங்கள் பெயரிலேயே கூட்டத்தில் படிப்பேன். அதற்கு என்னிடம் பதில் இல்லையென்றால், அங்கேயே, எல்லோர் முன்னாலும், தோற்றேன் என்று சொல்லிவிட்டு வருவேன்.

உங்களோடு போட வேண்டிய சண்டை இன்னும் முடியாத
உங்கள் கொழுந்தியாள்,
வளர்மதி
தஞ்சாவூர்